தூசி ஒட்டாத விரல்

ஆறு மணிச் சங்கு ஊதி முடிவதற்குள் எழில்மொழி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஆள்காட்டி விரலால் ஒரு முழத்துக்குக் கோடு இழுத்து, விரலைத் திருப்பிப் பார்த்துவிடுவாள். பல் விளக்குவதெல்லாம் அப்புறம்தான். எர்ணாவூரில் அவள் வீட்டுக்கு எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், பெயின்ட்டில் கலக்கும் சிவப்புப் பொடியை அரைக்கிற தொழிற்சாலை இருக்கிறது. தெருவில் அதற்குப் பெயர் பவுடர் கம்பெனி. விரலில் குங்குமம்போல் அப்பினால் உள்ளே மூன்று அரவை மில்லும் ஓடுகின்றன. லேசாகப் படிந்தால் ஒன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து அவள் பார்த்துவரும் கணக்கு இது. ஒருநாளும் தப்பியதில்லை.

தை மாதத்திலிருந்து விரலில் எதுவும் ஒட்டுவதில்லை.

ஆனால் வேளை தவறாமல் சங்கு ஊதுகிறது. பொழுது சாய்ந்தால் உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது. கம்பெனி பஸ் கேட்டுக்குள் நுழைந்து, ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வருகிறது. ஏறுபவரும் இல்லை, இறங்குபவரும் இல்லை. வேலை விட்டு வருகிறவர்கள் போடும் பிஸ்கட்டுக்குப் பழகிய தெரு நாய்கள் சங்கு ஊதியதும் கேட்டுக்கு ஓடும். முதலில் வாலாட்டிக்கொண்டு நின்றன; இப்போதெல்லாம் ஆளில்லாத வாசலைப் பார்த்து உறுமுகின்றன. பக்கத்து வீட்டு கெங்கம்மா முப்பது வருஷமாகத் துணியை இரண்டு தடவை அலசியவர். கொடியிலிருந்து புருஷனின் வேட்டியை எடுக்கும்போது அவருக்கு முகமே வெளிறிவிடுகிறது. “வேட்டி வெள்ளையாவே கீதுமே எழிலு. பாத்தா பயமா கீது,” என்கிறார்.

சங்கு ஊதுவது யார் என்று எழில்மொழிக்குத் தெரியும். அவளுடைய அப்பா கோதண்டம்தான். இருபத்திரண்டு வருஷம் அங்கே பாய்லரைப் பார்த்தவர். தையில் எல்லாரையும் அனுப்பிவிட்டு, அவரையும் பஸ் டிரைவரையும் இரண்டு வாட்ச்மேன்களையும் மட்டும் கம்பெனி வைத்துக்கொண்டது. விற்கிறவரை ஆலை ஓடுவதுபோல் தெரிய வேண்டும். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

“முன்னெல்லாம் சங்கு நின்னா செருப்புச் சத்தம் கேக்கும். இப்ப என் மூச்சுதான் எனுக்குக் கேக்குது,” என்றார் ஒருநாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நேத்து ரெண்டு மணி சங்குக்கு, யாரோ மிஷின்ல அட்டெண்டன்ஸ் கார்டு குத்துற சத்தம் கேட்ச்சு கொயந்த. போய்ப் பாத்தா ஒரு ஆளு இல்ல.”

எழில்மொழி வேலை செய்வது பழைய மகாபலிபுரம் சாலையில், ஒரு முதலீட்டு வங்கியில். கம்பெனி வாங்க வருகிறவர்களுக்கு, வாங்கப்போவது என்ன விலை பெறும் என்று கணித்துச் சொல்லும் அனலிஸ்ட். ஆறு வருஷமாக அதே நாற்காலி. மேனேஜர் அனிஷாவுக்கும் இவள் வயதுதான். பெரிய பிசினஸ் ஸ்கூலில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, போன ஆனியில் நேராகத் தலைக்கு மேல் வந்து இறங்கினாள். எக்செல்லில் ஏதாவது உடைந்தால் அனிஷா ஓடிவருவது எழில்மொழியிடம்தான். ஆனாலும், “நம்பர் இருக்கு எழில், ஸ்டோரி எங்க?” என்று எதையும் திருப்பி அனுப்புகிற அதிகாரம் அவளிடம் இருக்கிறது.

ஸ்லைடில் ஒரு கட்டம் நூலிழை விலகியிருந்தாலும் எழில்மொழிக்குக் கண் உறுத்தும். ரயிலில் முன்னால் இருப்பவரின் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் கை பரபரக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அவள் சொல்லித்தரும் பாடம் ஒன்றே ஒன்று: “தொட்டுப் பாக்காத நம்பர எய்தாத.” ‘எழுதாத’ அவள் வாயில் ‘எய்தாத’ ஆவதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தால் இன்னும் சத்தமாக இன்னொரு தடவை சொல்வாள்.

மாசியில் ஆபீஸுக்கு வந்த ஃபைலைத் திறந்தாள். விலை கணிக்க வேண்டியது பவுடர் கம்பெனி! “எங்க அப்பா அங்கதான் இருக்கார்,” என்று உடனே சொல்லிவிட்டாள். “சூப்பர், ஏரியா தெரிஞ்ச ஆளு,” என்று அனிஷா வேலையை அவள் தலையிலேயே கட்டினாள். ஆலை நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு ஓடுவதாகக் கம்பெனியின் காகிதங்கள் சொல்லின. எழில்மொழி பூஜ்யம் என்று போட்டாள்.

“சோர்ஸ் என்ன?” என்றாள் அனிஷா.

அடிக்குறிப்பில் சேர்த்தாள்: எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவர்.

அனிஷா அதை அழித்து, பூஜ்யத்தையும் எண்பத்திரண்டாக்கினாள். இவள் மறுபடி எழுதினாள். மூன்று தடவை இப்படி நடந்தது. “அவங்க கையெழுத்துப் போட்ட பேப்பர் இருக்கு எழில். கிளையன்ட்கிட்ட உங்க சுவரையா காட்டுவேன்?” அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தாளின் அடியில் ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் இருப்பது எழில்மொழியின் பெயர்.

வீட்டில் கோதண்டம் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “நீ எய்தினா என் சோறு போவும். எய்தலன்னா உன் தூக்கம் போவும். நான் இன்னாத்த சொல்றது?” அவளுக்கு அழுகை வந்தது. எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை அனிஷா ஆலையைப் பார்க்க வந்தாள். கம்பெனியில் காலை ஏழு மணிக்கு, ஆபீஸ் அறைவரைக்கும் மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். எழில்மொழி ஐந்தரைக்கே அவளைத் தன் வீட்டு மாடிக்கு அழைத்துப் போனாள்.

ஆறு மணிச் சங்கு ஊதியது. உள்விளக்கு எரிய பஸ் நுழைந்து முற்றத்தில் நின்றது.

“பாருங்க, ஷிஃப்ட் மாறுது,” என்றாள் அனிஷா.

“எத்தினி பேர் எறங்குறாங்க?”

பஸ்ஸின் கதவு திறந்தது. ஓர் ஆள் இறங்கி நடக்கும் நேரம் அப்படியே திறந்திருந்தது. பிறகு மூடிக்கொண்டது. கேட்டருகே நாய்கள் உறுமின. எட்டி எட்டிப் பார்த்தும் அனிஷாவுக்கு ஓர் ஆளும் தென்படவில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய் என்பார்கள். எழில்மொழியிடம் மிச்சமிருந்தது விரல்தான்.

“தொட்டுப் பாருங்க.”

அனிஷா சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை விரலை இழுத்தாள். திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, ஒன்றுமே ஒட்டாத அந்த விரலை அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.

“கிளையன்ட்டுக்கு நீங்களே அனுப்பிடுங்க எழில். உங்க பேர்லயே போகட்டும்.” சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் படியிறங்கினாள்.

எதிரே சங்கு அறையிலிருந்து கோதண்டம் வெளியே வந்து, காலி முற்றத்தில் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். எழில்மொழி மடிக்கணினியைச் சுவர்மேல் வைத்தாள். எண்பத்திரண்டை அழித்துப் பூஜ்யம் போட்டாள். அடிக்குறிப்பில் சுவரையும் சேர்த்தாள். மின்னஞ்சலை அனுப்புமுன், அனிஷாவின் கை படாத மூலைக்குப் போய், இன்றைக்காவது கொஞ்சம் தூசி இருக்கக்கூடாதா என்று ஏங்கியபடி ஒரு கோடு இழுத்துத் திருப்பிப் பார்த்தாள். திரும்பி வந்து, அந்த விரலாலேயே பொத்தானை அழுத்தினாள்.