பதினேழாம் அறையில் மதியச் சாப்பாடு

மழை நாட்களில் ஓர்னெல்லா எங்கள் ஓட்டலின் முன்கூடத்தில் குடையை விரித்து வைப்பாள். காய்வதற்காக என்பாள். வீட்டுக்குள் குடை விரித்தால் கேடு வரும் என்று நம்புகிற முதலாளி லம்பெர்த்தோ சாந்தாக்ரோச்சே, அதைப் பார்த்தவுடன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டு ஓர் இரும்புச் சாவியைப் பிடித்துக்கொள்வார். எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத பழைய சாவி. இரும்பைத் தொட்டால் கெட்டது விலகும் என்பதற்காகவே பையில் கிடந்தது.

"ஓர்னெல்லா, குடையை மடக்கு."

"காஞ்சதும் மடக்கறேன் டாக்டரே."

அவர் எதற்கும் டாக்டர் இல்லை. ரோமில் டை கட்டியவர்கள் எல்லோரும் டாக்டர்கள்தான்.

ஓர்னெல்லா செக்கரெல்லிக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. ரோமின் தொழிலாளர் பகுதியான கார்பத்தெல்லாவில் பிறந்தவள், டிராம் பட்டறைத் தொழிலாளியின் மகள். இருபத்து மூன்று வருடங்களாக அடுத்தவர் படுக்கையை விரித்து, அடுத்தவர் குளியலறையைத் துடைத்து வந்தாள். குப்பைத் தொட்டியைப் பார்த்தே அறையில் தங்கியிருப்பவரின் குணத்தைச் சொல்லிவிடுவாள். அவளுடைய தள்ளுவண்டியில் துண்டுகளுக்கு அடியில் நூலகப் புத்தகம் ஒன்று எப்போதும் ஒளிந்திருக்கும். தெருவில் ஏணி சாத்தியிருந்தால், அடியில் போவது ஆகாது என்று மற்றவர்கள் சுற்றிப் போவார்கள்; இவள் வேண்டுமென்றே அதன் அடியில் நுழைந்து போவாள். கல்யாணம் செய்துகொண்டதே பதினேழாம் தேதி, அதுவும் செவ்வாய்க்கிழமை; இத்தாலியில் இரண்டுமே ஆகாதவை. புருஷன் நாலாம் வருடம் ஓடிப்போனான். "பாத்தியா, பதினேழு சும்மா விடுமா" என்று முதலாளி ஒருமுறை சொன்னபோது அவள் துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அவன் கால்பந்துல எதிர் டீம் ரசிகன் டாக்டரே. எந்தத் தேதியில கட்டியிருந்தாலும் ஓடித்தான் போயிருப்பான்."

எங்கள் ஓட்டலின் பெயர் காசா லம்பெர்த்தோ. மோந்திப் பகுதியின் குறுகலான சந்து ஒன்றில், நானூறு வருடத்துக் கல் கட்டடத்தில், பத்தொன்பது அறைகள். அறைகள் சின்னவை, வாடகை பெரியது. நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். பத்தொன்பதில் பதினெட்டு அறைகளின் சாவிகள்தான் என் பின்னால் தொங்கின. பதினேழாம் அறை பூட்டியே கிடந்தது. மூன்றாம் மாடி மூலையில், சன்னலைத் திறந்தால் ஓட்டுக் கூரைகளும் மணிக்கூண்டும் தெரிகிற அறை. ஓட்டலிலேயே நல்ல அறை அதுதான். ஓட்டல் திறந்த வாரம் முதலாளியின் மைத்துனர் அதில் தூங்கினார். மறுநாள் காலை காபி குடிக்கப் போனவர், சந்து முனையில் தெருக்கல் இடறிக் கணுக்காலை உடைத்துக்கொண்டார். அன்றே அறையைப் பூட்டிவிட்டார்கள். பிறகு எண்ணை எடுத்துவிட்டு 'பதினாறு பி' என்று பலகை அடித்தும் பார்த்தார் முதலாளி. அதற்கும் அவருக்கு மனசு ஆறவில்லை. "கதவுக்குத் தெரியுமே" என்றார். கடைசியில் பழைய எண்ணே திரும்பி வந்தது, பூட்டோடு.

"அந்தக் கல்லு பத்து வருஷமா ஆடிக்கிட்டு கெடக்கு. நகராட்சியை விட்டுட்டு நம்பரைப் புடிச்சு உள்ள போட்டிருக்காரு" என்பாள் ஓர்னெல்லா.

அவளும் இன்னும் ஐந்து பெண்களும் மதியச் சாப்பாட்டைத் தரைக்கடியில், பாய்லர் அறையில் சாப்பிட்டார்கள். சன்னல் கிடையாது. நாற்காலி கிடையாது. சோப்புத் திரவ டின்களைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆறிப்போன பாஸ்தாவை முழங்காலில் வைத்துச் சாப்பிட வேண்டும். மேலே விருந்தாளிகளுக்குத் தலையணையில் நான்கு தினுசு இருந்தது. அந்த ஆகஸ்டில் ருமேனியாக்காரி லுமினிட்சா அங்கே மயங்கி விழுந்தாள். முதலாளி படிக்கட்டில் பாதி தூரம் இறங்கி வந்து பார்த்தார்.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டா" என்றார்.

ஓர்னெல்லா லுமினிட்சாவின் நெற்றியில் ஈரத்துணி வைத்துக்கொண்டிருந்தாள். "மத்தியானம் சாப்பிடத்தான் வந்தா டாக்டரே. இந்தச் சூட்டுல சாப்பாடே மயங்கிடும். பதினேழைக் குடுங்க. ஒரு மேசை, ஆறு நாற்காலி, அரை மணி நேரம். சும்மாதானே பூட்டிக் கெடக்கு."

"அங்க ஒக்காந்து உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"இங்க பாய்லர் வெடிச்சா?"

முதலாளியின் கை பைக்குள் போய்விட்டது. அத்துடன் பேச்சு முடிந்தது. கொதிக்கிற பாய்லருக்குப் பக்கத்தில் மனிதர்களை உட்காரவைக்கக் கூசாதவர், இரண்டு பித்தளை எண்களுக்குப் பயந்தார். அதை அவர் அக்கறை என்றும் சொல்லிக்கொண்டார். எனக்கு இன்றும் ஆத்திரம் அந்த 'அக்கறை'யின்மேல்தான்.

அக்டோபரில் கோபன்ஹேகனிலிருந்து கடிதம் வந்தது. மெரேதெ தோர்சாகர் என்ற அம்மாள். பணக்காரர்களுக்கு ஓட்டல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவருடைய தொழில். காசு கையில் இருந்தும் எங்கே தூங்குவது என்று தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். ரோமில் மூன்று சின்ன ஓட்டல்களைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பாராம். தேர்வான ஓட்டலுக்கு வசந்தம் முழுக்க அறைகள் நிறையும். மூன்றும் எங்கள் வட்டாரத்திலேயே இருந்தன. வருகிற நாள் நவம்பர் பதினேழு, வெள்ளிக்கிழமை. பதினேழும் வெள்ளியும் சேர்ந்தால் இத்தாலியில் அதைவிடக் கெட்ட நாள் கிடையாது. தேதியை மாற்றச் சொல்லி முதலாளி மூன்று முறை எழுதினார். முடியாது என்று அந்தம்மாள் ஒரே முறை எழுதினார்.

இதை ஓர்னெல்லாவிடம் சொன்னது நான்தான். அவள் கேட்டுக்கொண்டே ஒரு தலையணைக்கு உறை போட்டு முடித்தாள்.

"அந்தம்மா எதைப் பாத்து முடிவு பண்ணுவாங்க?"

"யாருக்குத் தெரியும்."

"யாருக்கும் தெரியாதா? அப்ப சரி" என்றாள்.

சந்து முனையில் சபத்தீனோவின் காபிக்கடை. காலை ஏழு மணிக்கு வட்டாரத்து ஓட்டல்காரர்கள், பெருக்குகிறவர்கள், டாக்சி ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரே மேடையில் சாய்ந்து நின்றுதான் காபி குடிப்போம். மறுநாள் காலை ஓர்னெல்லா கோப்பையை உறிஞ்சிவிட்டுச் சபத்தீனோவின் பக்கம் சாய்ந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லாத."

"நான் எப்ப சொல்லியிருக்கேன்?" என்றான் சபத்தீனோ. நான் சிரிப்பை அடக்கக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கோபன்ஹேகன்ல இருந்து ஒரு அம்மா வருதாம். ரூமெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான் பாக்குமாம். மொதல்ல வேலைக்காரங்க எங்க ஒக்காந்து சாப்பிடறாங்கன்னுதான் கேக்குமாம். அது சரியில்லன்னா பெட்டியைத் தூக்கிக்கிட்டு போயிடுமாம்."

"நெசமாவா? யார் சொன்னது?"

"சொன்னவங்க பேரைச் சொல்ல முடியுமா சபத்தீனோ? வேலை போயிடாதா?"

ஒன்பது மணிக்குள் அது மோந்தி முழுக்கப் பரவியது. பத்து மணிக்கு முதலாளி மூச்சிரைக்க என் மேசைக்கு ஓடிவந்தார்.

"கேள்விப்பட்டியா? எதிர்ச் சாரி ஓட்டல்காரன் தச்சனைக் கூப்பிட்டிருக்கானாம். மேல்தெருக்காரன் வெள்ளையடிக்கிறானாம். நம்மகிட்ட ஒரு எடமும் இல்லையே. எல்லா ரூமுக்கும் ஆள் சொல்லியாச்சு."

"எல்லா ரூமுக்குமா டாக்டரே?" என்று கேட்டேன்.

அவர் மாடியை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாவியைப் பிடித்தார். பேராசையும் பயமும் ஓர் ஆளுக்குள் மல்லுக்கு நிற்பதை நான் அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

பதினேழாம் அறை திறந்தது. கட்டில் வெளியே போனது. மேசை வந்தது, ஆறு நாற்காலிகள் வந்தன, ஒரு சாடியில் பூக்கூட வந்தது. முதலாளி வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்று கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டார். போகும்போது ஓர்னெல்லாவிடம் சொன்னார்: "அந்தம்மா வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும்தான். சனிக்கிழமை பூட்டிடுவேன்."

"சரிங்க டாக்டரே."

அன்று மதியம் ஆறு பெண்களும் சன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லுமினிட்சாவுக்கு மட்டும் உறுத்தியது.

"அக்கா, நீங்க சொன்னது பொய்தானே?"

"பதினேழு ஆகாதுன்னு மொதல்ல சொன்னவன் பேரு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"யாருக்கும் தெரியாது. அவனும் எங்கயாவது சாஞ்சு நின்னு எதையாவது குடிச்சிக்கிட்டுதான் சொல்லியிருப்பான். அதை நம்பி ரூமைப் பூட்டுனாங்க. என் பேச்சை நம்பித் தெறந்தாங்க. ரெண்டுல எது பெரிய பொய்யின்னு நீயே சொல்லு. மொதல்ல ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு."

வெள்ளிக்கிழமை வந்தது. மெரேதெ அம்மாள் உயரமாக, மழைக்கோட்டோடு, பள்ளிக்கூடத்தில் படித்த இத்தாலிய மொழியோடு வந்தார். கையில் கட்டம் கட்டமாக அச்சடித்த ஒரு படிவம். குழாயைத் திறந்து சுடுநீர் வர எத்தனை நொடி என்று பார்த்தார். மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார். சன்னலை மூடிச் சந்தின் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று பார்த்தார். தலையணைகளைப் பார்த்தார். ஆனால் வேலைக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதலாளியின் புருவம் ஏறிக்கொண்டே போனது. படிவத்தை மடித்து வைத்துவிட்டு, "நன்றி, போய் வருகிறேன்" என்றார் அந்தம்மாள்.

ஓர்னெல்லா மாடிப்படியில் துணிக்கூடையோடு நின்றிருந்தாள். அவள் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். அந்தம்மாள் இப்படியே போய்விட்டால் நாளைக்கு மறுபடியும் பாய்லர்.

ஆனால் முதலாளியால் சும்மா இருக்க முடியவில்லை. மேசை வாங்கியிருக்கிறார், பூ வாங்கியிருக்கிறார்.

"அம்மா, எங்க ஆளுங்க சாப்பிடற எடத்தைப் பாக்கலையே நீங்க."

அந்தம்மாள் நின்றார். "இங்கயுமா?"

மூன்றாம் மாடி வரை முதலாளி கூட வந்தார். வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி, பதினேழாம் அறை. நடைபாதையிலேயே நின்றுவிட்டார். "நீங்க போய்ப் பாருங்க, எனக்கு ஒரு போன் வரணும்" என்றார். அந்தம்மாளுடன் நானும் ஓர்னெல்லாவும்தான் உள்ளே போனோம்.

அந்தம்மாள் சன்னலைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், லுமினிட்சாவின் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி ஓர்னெல்லாவிடம் கேட்டார்.

"காலையில இருந்து மூணு ஓட்டல் பாத்துட்டேன். மூணு பேரும் என்னை இழுத்துட்டுப் போய் வேலைக்காரங்க சாப்பிடற ரூமைக் காட்டறாங்க. பதினெட்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், எந்த ஊர்லயும் இப்படிக் காட்டினதில்ல. என்ன இது?"

ஓர்னெல்லா ஒரு நொடிதான் யோசித்தாள்.

"எங்க ஊர் வழக்கம்மா. வேலை செய்யறவ ஒக்காந்து சாப்பிட்டிருந்தாதான் விரிச்ச படுக்கை சுருங்காம இருக்கும்."

அந்தம்மாள் அவளையே பார்த்தார். வாசலுக்கு வெளியே காதில் போனே இல்லாமல் பேசிக்கொண்டிருந்த முதலாளியையும் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். படிவத்தை விரித்தார். கட்டங்களுக்குக் கீழே கையால் ஒரு கோடு போட்டு ஒரு புதுக் கட்டம் வரைந்தார்.

"நல்ல வழக்கம்" என்றார். "இதுக்கு நான் ஏன் இத்தனை நாளா ஒரு கட்டம் வெக்கல?"

வெளியே வந்து முதலாளியின் கையைக் குலுக்கினார். "இனி ஒவ்வொரு வருஷமும் வந்து பாப்பேன். சொல்லாமக்கூட வருவேன். அந்த ரூம் அப்படியே இருக்கணும்."

முதலாளிக்குக் குலுக்க வலது கை வேண்டும், சாவிக்கும் அதே கை வேண்டும். பாவம், தவித்துப் போனார். சனிக்கிழமை அறை பூட்டப்படவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. அந்தம்மாள் எதிர்ச் சாரி ஓட்டலைத் தேர்ந்தெடுத்திருந்தார். இரண்டு ஓட்டல்களும் எல்லாவற்றிலும் சமமாக இருந்தனவாம். அந்தம்மாள் கையால் வரைந்த கடைசிக் கட்டத்தில்தான் முடிவானதாம்: அவர்களுடைய வேலைக்காரர்களின் அறையில் காபி இயந்திரம் இருந்தது. முதலாளி கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். அன்று மாலையே ஒரு காபி இயந்திரம் வந்து இறங்கியது, எதிர்ச் சாரிக்காரர்களுடையதைவிடப் பெரியது. வாசற்படியில் நின்று காலாலேயே அதைப் பதினேழுக்குள் தள்ளினார்.

மறுநாள் காலை சபத்தீனோவின் கடையில் கூட்டம். மாடிக்கு மாடி துணிக்கூடையைச் சுமந்து ஏறி ஓர்னெல்லாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஓட்டலில் லிஃப்ட் விருந்தாளிகளுக்கு மட்டும். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மேடையின்மேல் சாய்ந்தாள்.

"சபத்தீனோ, அந்தம்மா அடுத்த வருஷம் லிஃப்டைத்தான் பாக்குமாம். வேலைக்காரங்களை ஏத்தலைன்னா அவ்வளவுதானாம்."

"யார் சொன்னது?"

"யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.