டிஃபால்ட் அண்ணன்

"பழுத்த குலையப் போயி காயின்னு போட்டிருக்கியே, கண்ணு தெரியலையா?" பாடாங் மேஹா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில், குலைகளைத் தரம் பிரிக்கும் அக்காவை லாரிக்காரர் திட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. தப்பு, தரத்தைப் பதிய ஆலைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த புரோகிராமில்.

பழுத்தும் காம்பு நறுக்காமல் வரும் குலைகளுக்கென்று ஆலை புதிதாக 'நீளக் காம்பு' என்றொரு தரத்தைச் சேர்த்திருந்தது. அக்கா போனில் அதைச் சரியாகத்தான் அழுத்தினார். தரத்துக்கு ஒரு வரி வைத்திருக்கும் எங்கள் சுவிட்ச் கட்டளையில் அதற்கு வரி இல்லை. வரி இல்லாத எதையும் விழுங்கும் 'டிஃபால்ட்', அதைக் காய் என்று பதிந்துவிட்டது. ஒரு வாரமாகப் பழி அக்காமேல்.

அதை எழுதியவர் எங்கள் டீம் லீட். ஒல்லி உடம்பு, சிரித்த முகம். காரைப் பூட்டியபின் நான்கு கதவையும் இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டார். அப்படிப்பட்டவர் டிஃபால்ட்டை எப்படி நம்பினார்?

"அண்ணே, டிஃபால்ட்ட எடுத்துருவோம். ஒரு தரம் விட்டுப்போனாலும், ஆலைக்குப் போறதுக்கு முன்னாடியே கம்பைலர் நிறுத்தட்டும்."

"ஆலைக்காரன் மாசம் ஒன்னு சேர்ப்பான் தம்பி. ஒவ்வொரு தடவையும் நிக்கும். இது இருந்தா ஓடும்லா."

"தப்பால்ல ஓடுது!"

"ஓடுதுல்ல?"

சிரித்தார். அக்காவுக்கு அவரே போன் போட்டு, மனதார மன்னிப்பும் கேட்டார். பிறகு நீளக் காம்புக்கு ஒரு வரி சேர்த்துவிட்டு, டிஃபால்ட்டை அப்படியே விட்டார். நல்ல மனிதர்தான். அதுதான் எரிச்சல்.

தேடிப் பார்த்தேன், இன்னும் பதினொரு டிஃபால்ட். திங்கட்கிழமை ஒன்றை நீக்கி, அவர் ஒப்புதலுக்கே அனுப்பப்போகிறேன். மாற்றத்துக்குக் காரணம் கேட்கும் பெட்டியில், லாரிக்காரர் திட்டியதை ஒரு சொல் விடாமல் எழுதுவேன்.