கப்ளிங் இல்லாத ரயில்

செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த காலத்தில், எங்கள் வீட்டில் வருஷா வருஷம் ஒரே சண்டைதான் வரும். அப்பா பணிமனையில் ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். குடும்பத்தோடு போய்வர இலவச பாஸ் உண்டு. அதை எந்த ஊருக்கு எழுதுவது என்பதுதான் வழக்கு. அம்மாவுக்கு ராஜஸ்தான், அப்பாவுக்கு அரக்கோணம். எப்போதும் அரக்கோணமே ஜெயிக்கும். அங்கே சொந்தக்காரர்கள் யாருக்காவது காது குத்திக்கொண்டே இருந்தார்கள்.

"மணலப் பாக்க அவ்ளோ தூரமா? நக்கோ, வேணாம்," என்பார் அப்பா. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அம்மாவுக்கு அந்த ஆசையைக் கிளப்பிவிட்டவர், கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த மார்வாடி அம்மாள். தான் பிறந்த ஊரில் பெரிய வீட்டுச் சுவர்களில் ரயில் வரைந்திருக்கும் என்று அவர் சொல்லியிருந்தார். "ரயில் பொட்டி ரிப்பேர் பண்றவர் பொண்டாட்டி நான். அதப் பாக்க வேணாமா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்க்காமலே மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

போன தை மாதம் அப்பாவே, "அந்த மணல் ஊருக்குப் போலாமா?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யாருக்காக? வாயை அடக்கிக்கொண்டு எனக்கு டிக்கெட் எடுத்தேன். ரிட்டயர் ஆனவர்களுக்குத் தரும் பாஸில் அவர் தனியாகப் பதிவு செய்துகொண்டார்.

ரயிலில் அவருக்கு எதிர் பெர்த் காலியாகவே வந்தது. டிக்கெட் பரிசோதகர் பட்டியலைப் பார்த்து அம்மாவின் பெயரைப் படித்து, எங்கே என்று கேட்டார். வரவில்லை என்று அப்பா தன் ஹைதராபாத் இந்தியில் முணுமுணுத்தார். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று.

"என்னப்பா இது? நாப்பது வருஷம் எழுதின பழக்கத்துல அம்மா பேரையும் சேத்து எழுதிட்டீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வயதாகிவிட்டது, மறதி என்று நானே முடிவு கட்டினேன்.

அந்த ஊரில் சத்தமே இல்லை. செகந்திராபாத்தின் பஸ் ஹாரனுக்குப் பழகிய காதுக்கு, தெருவில் ஒட்டகம் நடப்பதுகூடக் கேட்டது. ஒரு வியாபாரியின் பழைய மாளிகையை ஓட்டலாக்கியிருந்தார்கள். அதில்தான் தங்கினோம். முற்றத்துச் சுவர் முழுக்க நீளமாக ஒரு ரயில். பெட்டிகள் வரிசையாக வீடுகளைப் போல நின்றன. ஜன்னலுக்கு ஒரு தலைப்பாகை.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். "கப்ளிங்கே இல்லயே! ஒண்ணோட ஒண்ணு பூட்டாம இது எங்க ஓடும்?" என்று சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று!

அப்பா எதற்குச் சிரித்தார் என்று ஓட்டல் காவலாளிக்குப் புரிந்துவிட்டது. இதை வரைந்தவன் ரயிலைப் பார்த்ததே இல்லை என்று இந்தியில் சொன்னார். இந்த ஊர் ஆண்கள் கல்கத்தாவுக்கும் ஹைதராபாத்துக்கும் வியாபாரம் செய்யப் போய், பல வருஷம் கழித்துத் திரும்பி வருவார்கள். அவர்கள் வாயால் கேட்டதை வைத்து வரைந்தானாம். பெண்கள் இங்கேயே இருந்துவிட்டார்கள். புருஷனைக் கொண்டுபோன ரயில் எப்படி இருக்கும் என்று இந்தச் சுவரில்தான் பார்த்துக்கொண்டார்கள். பலர் கடைசிவரைக்கும் நிஜ ரயிலில் ஏறவில்லை.

நான் தமிழில் சொல்லத் தேவையே இருக்கவில்லை. அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. சுவரைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்ததால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைப் பார்க்காமலே பேசினார்.

"அது மறந்து எழுதினது இல்லம்மா. ஒரு தடவையாவது இந்த ஊருக்கு அவ பேர்ல பாஸ் எழுதணும்னு தோணிச்சு."

பிறகு ஒரு பெட்டி விடாமல், கடைசிப் பெட்டி வரைக்கும் நின்று நின்று பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.