தேர்வுக்குக் கூட்டி வர ஓர் ஆள்

பிஸ்கட் கம்பெனியை இழுத்து மூடியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. அதுவரை வேனில் பெட்டிகளை ஏற்றிப்போய்க் கடைகடையாக இறக்கிக்கொண்டிருந்தவர். பேச்சு என்பது அவருக்கு எட்டிக்காய். வாயைத் திறந்தால் முத்து கொட்டிவிடுமோ என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில்.

மனைவி பிரிந்துபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிள்ளைகளும் இல்லை. ஒருநாள் காலையில் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, “வீட்டுல இருக்கிற ரேடியோகூட உங்களவிட அதிகமா என்கிட்ட பேசுது” என்றாள். பெட்டி கனமாக இருந்தது. அவர்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் டாக்சியில் வைத்தார். போகாதே என்று சொல்லத் தோன்றியபோது டாக்சி தெருமுனையில் திரும்பிவிட்டது.

வேலை போன கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. போர்வையைப் போர்த்திக்கொண்டே ஒரு கிளினிக்குக்குப் போனார். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் நீலச்சட்டை போட்ட உதவியாளர் ஒருவர் உட்காரவைத்து, கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். பார்த்துக்கொண்டே, ராத்திரி தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, காலையில் என்ன சாப்பிட்டார் என்றெல்லாம் விசாரித்தார். எல்லாரிடமும் கேட்கும் கேள்விகள்தான். ஆனால் தான் என்ன சாப்பிட்டோம் என்று யாராவது கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று யோசித்துப் பார்த்தார். காய்ச்சல் விட்டதும் அதே ஆளைத் தேடிப்போய், இந்த வேலைக்கு எங்கே படிக்க வேண்டும் என்று கேட்டார்.

மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடந்தது வகுப்பு. படியேறும்போதே ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறும். ஒரு பக்கம் இரண்டு கட்டில்கள், எடை பார்க்கும் மெஷின், சுவரில் நரம்பும் ரத்தக்குழாயுமாக ஒரு மனிதப் படம். பாடம் சொல்லித்தந்த நர்ஸுக்கு அவரைவிடப் பத்து வயதாவது குறைவாக இருக்கும். எல்லாரும் மிஸ் என்பார்கள்; அவரும் மிஸ் என்றார். கூடப் படித்தவர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள். இரண்டாம் நாளே அவருக்குப் பெரியப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மரியாதைக்குக் குறைவில்லை. சந்தேகம் கேட்டால் சொல்வார்கள், மறந்துபோன பேனாவைக் கொடுப்பார்கள். ஆனால் கையில் பட்டை சுற்றுவது, நாடி பார்ப்பது என்று வந்துவிட்டால் பெண்கள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வார்கள். அவர் தனி. நாடி பார்க்க மிஸ் தன் மணிக்கட்டை நீட்டினார். மற்றதற்கெல்லாம் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் கைதான் அவருக்கு ஜோடி. அதன் குழாய்களில் சிவப்புத் தண்ணீர் ஓடும். ஊசியைக் குத்துவதற்கு முன் நோயாளியிடம் பேச வேண்டும் என்பது பாடம். பிளாஸ்டிக் கையிடம் என்ன பேசுவது? சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “லேசா குத்தும். பயப்படாதீங்க” என்றார். பின்னாலிருந்து பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தபிறகுதான், அந்த நாள் முழுக்கத் தான் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்பது உறைத்தது.

செய்முறைத் தேர்வு நெருங்கியபோது மிஸ் ஒன்று சொன்னார். ஒவ்வொருவரும் வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவர வேண்டும். அந்த ஆளிடம் உடல்நிலை விசாரித்து, பிரஷர் பார்த்து, ரத்தம் எடுத்துக் காட்டினால்தான் சான்றிதழ். பெண்களுக்குக் கவலையில்லை, அம்மா, சித்தி, அத்தை என்று வரிசை கட்டி நிற்க ஆளிருந்தது. பெரியப்பாதான் முழித்தார். அக்கா வெளியூரில் முட்டிவலியோடு கிடந்தாள். வேன் ஓட்டிய காலத்துக் கூட்டாளி, ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுந்துவிடுவேன் என்று கையெடுத்துக் கும்பிட்டான். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கட்டாயம் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அவசர வேலை வந்துவிட்டது என்று கைவிரித்தார்.

போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார். கடைசியில் மனைவியை அழைத்தார். விஷயத்தைச் சொன்னார். எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

சொன்ன நேரத்துக்கு முன்பே படிக்கட்டின் கீழே நின்றிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. தேர்வுக்காக அவர் போட்டிருந்த நீலச்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு முன்னால் படியேறினாள்.

தேர்வாளராக வெளியிலிருந்து வந்த டாக்டர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தெரிந்த ஆளாக இருந்தாலும் பெயரிலிருந்து தொடங்க வேண்டும், நீங்க என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. வாழ்நாள் முழுக்க நீ என்று அழைத்தவளைப் பார்த்து, “உங்க பேரு சொல்லுங்க” என்றார். சொன்னாள். பெயருக்கு முன்னால் அவர் பெயரின் முதலெழுத்து இல்லை. அவள் அப்பாவின் எழுத்து இருந்தது. பிறந்த தேதியைக் கேட்டார். அவர் இத்தனை வருஷமும் வேறு மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். பிரஷருக்குச் சாப்பிடுவதாகச் சொன்னாள்.

“ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா?”

“கர்ப்பப்பை எடுத்தாச்சு. போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.”

பேனா அப்படியே நின்றது. அடுத்த கேள்வி ஒவ்வாமை பற்றியது, மனப்பாடமாகத் தெரியும். ஆனால் வாயில் வந்தது வேறு.

“அப்ப கூட யாரு இருந்தாங்க?”

டாக்டர் நிமிர்ந்து, அதெல்லாம் தேவையில்லை, மேலே போங்கள் என்றார். ஆனால் அவள் பதில் சொன்னாள்.

“யாரும் இல்ல. பக்கத்து பெட்ல இருந்தவங்களோட பொண்ணு தண்ணி குடுத்தா.”

அதன்பிறகு கேட்டதையெல்லாம் எப்படிக் கேட்டு முடித்தார் என்பது அவருக்கே தெரியாது. ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தடவிப் பார்த்தார். பிளாஸ்டிக் கை எப்போதும் ஜில்லென்று இருக்கும். இது சூடாக இருந்தது. குத்தினார். நரம்பு வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஊசியை உருவிப் பஞ்சை வைத்து அழுத்தி, மன்னிச்சிடுங்க என்றார். எதற்குச் சொன்னார் என்று அவரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் அடுத்த கையை நீட்டினாள். இந்தத் தடவை ரத்தம் குழாயில் ஏறியது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே அவர் நின்றுகொண்டிருந்தார். பிடிக்க வேண்டிய நேரத்தைவிட அதிகமாகவே பிடித்திருக்க வேண்டும். “நானே பிடிச்சுக்கறேன்” என்று மெதுவாக அவர் விரலை விலக்கினாள்.

பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்தார். இனிமேல் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் தன்னைக் கூப்பிடச் சொன்னார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கிறாளா, தலைசுற்றல் உண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள், பஸ் வருவதைப் பார்த்ததும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“இப்ப நல்லா விசாரிக்கிறீங்க. வேலைக்குப் போற இடத்துல எல்லாருக்கும் உங்களப் பிடிக்கும்.”

அதில் குத்தல் இல்லை. மனசாரத்தான் சொன்னாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திரும்பி வர்றியா என்று கேட்கலாமா என நினைத்தார். வரமாட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

சான்றிதழ் கிடைத்தது. அதிக மதிப்பெண் இல்லை. தேவையில்லாத கேள்வி கேட்டதற்கும் முதல் குத்து தவறியதற்கும் டாக்டர் குறைத்துவிட்டார். குழந்தைகள் கிளினிக் ஒன்றில் வேலை அமைந்தது. அழுகிற பிள்ளைகளை எடை பார்க்க அவரிடம்தான் கொடுப்பார்கள். பகலெல்லாம் ஓயாமல் பேசுகிறார். தாய்மார்களிடம் பிள்ளை தூங்கியதா, பால் குடித்ததா, கூட உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறார். அந்தக் கடைசிக் கேள்வியை அந்தக் கிளினிக்கில் வேறு யாரும் கேட்பதில்லை.

மனைவிக்கு அவ்வப்போது போன் செய்கிறார். சில சமயம் எடுப்பாள். போன வாரம் பிரஷர் கொஞ்சம் கூடியிருப்பதாகச் சொன்னாள். மெஷினோடு வந்து பார்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பக்கத்திலேயே நல்ல கிளினிக் இருக்கிறது, அங்கே இருக்கும் பெண் நன்றாகப் பார்க்கிறாள் என்றாள். சரி என்றார். போனை வைத்துவிட்டு, மறுநாளைக்கான நீலச்சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்தார்.