பெரியபாளையத்தில் வாங்காத பலகை

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் ஒரு புளியமரப் பலகை சுவரோடு சாய்ந்து நிற்கிறது. காய் நறுக்கும் பலகை. ஒரே துண்டு மரம், ஒட்டு கிடையாது. கத்தி பட்டுப் பட்டு நடுவில் லேசாகக் குழிந்திருக்கிறது. வலது மூலையில் யாரோ சூடான கரண்டியை வைத்த கருப்புத் தழும்பு. மீஞ்சூரில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, இப்படி ஒன்று எங்கே கிடைத்தது என்று கேட்பார்கள். பெரியபாளையம் கோயில் கடைத்தெருவில் வாங்கினேன் என்பேன். இருபது வருடமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். பெரியபாளையத்தில் நான் வளையல் வாங்கியிருக்கிறேன், பொரி வாங்கியிருக்கிறேன். பலகை வாங்கியதே இல்லை.

அதைக் கொடுத்தது ஓர் அக்கா. கல்யாணத்துக்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் சுகாதார சூப்பர்வைசர். கேட்டரிங் படித்த கையோடு கிடைத்த முதல் வேலை. சொந்த ஊர் கடம்பத்தூர், தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் கும்மிடிப்பூண்டியிலேயே அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அக்கா நறுக்கும் வேலைக்கு இருந்த பெண்களில் ஒருவர். கம்பெனிக்குப் பின்னால் இருந்த காலனியிலிருந்து வருவார். கம்பெனி நிற்கிற இடம் முன்பு வயலாக இருந்ததாம். அவருடைய அம்மா அதில் கூலிக்கு நாற்று நட்டவர். "எங்கம்மா சேத்துல நின்ன எடத்துல நானு டைல்ஸ்ல நிக்கிறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். என்னை மேடம் என்பார். மறந்துபோனால் 'மா' என்பார். அவர் மறந்துபோகிற நேரங்கள்தான் எனக்குப் பிடிக்கும். அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. குக் ஆக வேண்டும். அந்த கேன்டீனில் காய் நறுக்குகிறவர்களில் கை தேர்ந்தவரைத்தான் அடுப்புக்கு எடுப்பார்கள். அக்காவின் கை தேர்ந்த கை என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் எல்லாவற்றையும் மரப்பலகைகளிலேயே வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோழி வெட்டிய பலகையை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசிவிட்டு, அதிலேயே சாலட்டுக்கு வெள்ளரிக்காய் அரிவார்கள். படித்த திமிர் எனக்கு, பதறிப்போனேன். கம்பெனியிடம் பேசி பிளாஸ்டிக் பலகைகள் வரவழைத்தேன். காய்க்குப் பச்சை, கறிக்கும் மீனுக்கும் சிவப்பு. என் கைப்படவே ஒரு அட்டவணை எழுதி, லேமினேஷன் போட்டு, சுவரில் ஒட்டினேன். சிவப்பில் நிற்கிறவர் அந்த வாரம் பச்சையைத் தொடக் கூடாது. வாரம் ஒரு முறை ஆள் மாற வேண்டும். எல்லாரையும் நிற்க வைத்து விளக்கமும் கொடுத்தேன்: "கறி நெருப்புல வெந்துடும். வெள்ளரிக்காய அப்படியே சாப்பிடுறோம். அதனால காய் வெட்டுற கைதான் ரொம்ப சுத்தமா இருக்கணும்." தலைமைச் சமையல்காரர் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள். "சூப்பர் ரூலு மேடம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பழைய மரப்பலகைகளை விறகுக்கென்று பின்கட்டில் குவித்துப் போட்டார்கள். அக்கா அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. விரல் முட்டியால் தட்டிக் காது கொடுத்தார். மோந்து பார்த்தார். தரையில் வைத்து நாலு மூலையையும் அழுத்தி ஆடுகிறதா என்று பார்த்தார். விரிசல் விட்டது, நடுவில் ஒட்டுப் போட்டது எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைகளில் பளபளவென்று அடுக்கி வைத்திருக்கும் பலகைகளுக்கு முன்னால் இன்று நான் நிற்கும்போதெல்லாம் என் விரல் தானாக மடங்கித் தட்டிப் பார்க்கிறது. அந்தப் பழக்கமும் அவர் கொடுத்ததுதான். அதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

அட்டவணை ஒட்டி மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் அக்கா என்னைத் தனியாக நிறுத்தினார். "மேடம், என்னிய ஒரு வாரம் பச்சையில போடுங்களேன். இந்தப் பலகைங்க வந்த நாள்லருந்து செவப்புலயே நிக்கிறேன். காய்ப் பக்கம் போனாதான அடுப்பு குடுப்பாங்க?" அப்போதுதான் கண்ணைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் பலகைகளில் காலனிப் பெண்கள். பச்சைப் பலகைகளில் ஊர்த்தெருப் பெண்கள். ஒரு வாரம்கூட ஆள் மாறவில்லை. மரப்பலகை இருந்த காலத்தில் அக்காதான் பாதிக் காயை நறுக்கிக்கொண்டிருந்தார். என் அட்டவணை வந்த பிறகு ஒரு கொத்தமல்லித் தழையைக்கூட அவர் தொடவில்லை.

மாஸ்டரிடம் போனேன். ஆள் பிரித்து நிறுத்துவது அவர்தான். ஒளித்து மறைத்தெல்லாம் பேசவில்லை. "அவுங்க கறி கழுவட்டும், மீன் கழுவட்டும், நான் வேணான்னா சொன்னேன்? காய் வேணாம் மேடம். ஆபீஸ்காரங்க துன்றது. கறின்னா நெருப்புல வெந்துடுது. வெள்ளரிக்கா அப்படியே துன்றாங்கல்ல? காய் வெட்டுற கை சுத்தமா இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க? நமக்கு எதுக்கு பேஜாரு." நான் சொன்ன அதே வார்த்தைகள். அக்கா சுத்தம் செய்து வெட்டிக் கொடுத்த கோழியை அதே ஆபீஸ்காரர்கள் எலும்பு விடாமல் சப்பிச் சாப்பிட்டதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். அதையாவது சொல்லியிருக்கலாம். கேன்டீன் காண்டிராக்ட் புதுப்பிக்கிற நேரம், சண்டை வந்தால் முதலில் போவது என் வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இதோடு நின்றிருந்தால்கூட மன்னித்துக்கொள்ள வழி இருந்திருக்கும். ஆள் மாறுவதற்கென்று ஒரு பதிவேடு இருந்தது. எழுத வேண்டியது நான். அதற்குப் பிறகு ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் அக்காவின் பெயரைப் பச்சைப் பக்கத்தில் எழுதினேன். நடக்காததை நடந்ததாக, அழகான கையெழுத்தில்.

ஆடிட் வந்தது. வெளியிலிருந்து வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார், அக்காவின் பெயரில் விரலை வைத்தார், நேராக சிவப்புப் பலகைப் பக்கம் போய், "போன வாரம் காய் போர்டுல நீங்கதான் இருந்தீங்களா?" என்று கேட்டார். அக்கா கையில் மீன். அவர் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சார்" என்றார்.

அதிகாரி என்னைப் பாராட்டிவிட்டுப் போனார். நான் அக்காவிடம் போய் நின்றேன். அவர் பலகையைத் தேய்த்துக்கொண்டே, "உன் வேல பூடக் கூடாதுல்ல மா" என்றார். கொஞ்சம் கழித்து, "என் விசயத்த மட்டும் மாஸ்டராண்ட ஒரு வார்த்த பேசு" என்றார். தலையாட்டிவிட்டு மாஸ்டரிடம் போனேன். நாளைக்கு எலுமிச்சம்பழம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அக்காவிடம், "பேசிட்டேன் அக்கா, பாக்கலாம்னாரு" என்றேன். அக்கா நம்பினார். அடுத்த மாதம் குக் வேலை காலியானபோது சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கத்தியை எப்படிப் பிடிப்பது என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான். மறந்துபோய் 'மா' என்று கூப்பிடுவது அன்றோடு நின்றுபோனது.

கல்யாணத்துக்காக நான் வேலையை விட்ட நாளில் எல்லாரும் சேர்ந்து ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அக்கா சைக்கிள் ஸ்டாண்டில் காத்திருந்தார். செய்தித்தாளில் சுற்றிய பலகையைக் கையில் கொடுத்தார். "இத்த ஊற வெக்காதீங்க மேடம். கழுவி, உப்பும் எலுமிச்ச மூடியும் போட்டுத் தேச்சி, நிக்க வெச்சி காய விடுங்க. வெயில்ல போட்டா வெடிச்சிக்கும்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவர் திரும்பி, "இதுல பச்ச செவப்புலாம் கெடையாது. நல்லா கழுவுனா போதும்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னார்.

புகுந்த வீட்டில் மாமியாருக்குப் பலகை பிடித்துப்போனது. "யாரு குடுத்தது?" என்றார். அக்கா என்று சொன்னால் எந்த அக்கா என்பார். அப்புறம் எந்த ஊர், எந்தத் தெரு. அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். பலகை அன்றைக்கே அடுப்படியை விட்டு வெளியே போயிருக்கும். "பெரியபாளையத்துல வாங்கினேன் அத்தை" என்றேன். அன்று முதல் அமாவாசைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் படையலுக்கு நறுக்குவதுகூட அதில்தான்.

ஐந்தாறு வருடம் கழித்து அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையோடு, ரயிலேறி, விலாசம் விசாரித்து வந்திருந்தார். கேன்டீனில் அப்போதும் அவர் சிவப்புப் பலகையில்தான் நின்றுகொண்டிருந்தாராம். மாமியார் கூடத்தில் பலகையை வைத்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அக்காவின் கண் அந்தக் கரண்டித் தழும்பில் போய் நின்றதைப் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்தது. வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டு, "நல்ல பலகை இல்ல? எம் மருமவ பெரியபாளையம் போயிட்டு வரசொல்ல வாங்கினாந்தா" என்றார். அக்கா என்னைப் பார்த்தார். மீனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்த அதே பார்வை. "ஆமாம்மா, அங்க நல்லா கெடைக்கும்" என்றார். காப்பியைக் குடித்தார். பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். போனார். அந்தக் கல்யாணத்துக்கு நான் போனேனா என்று கேட்காதீர்கள்.

மாமியாரும் இப்போது இல்லை. பலகையை வெளியே போடச் சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. பயப்பட ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் சமையலை செல்போனில் படம் பிடித்துப் போடுகிறவள். போன ஞாயிற்றுக்கிழமை பலகையில் வெங்காயம் நறுக்கி முடித்து, கழுவி, உப்பும் எலுமிச்சை மூடியும் போட்டுத் தேய்த்து, சுவரோடு நிறுத்தி வைத்தாள். எல்லாம் அக்கா சொன்ன மாதிரியே, ஒன்றும் தப்பவில்லை. பிறகு செல்போனைப் பார்த்து, "இது எங்கம்மா பெரியபாளையத்துல வாங்கினது. இருவது வருசமாச்சு, இன்னும் ஒரு விரிசல் கெடையாது" என்றாள். செல்போனை என் பக்கம் திருப்பினாள். "இல்லம்மா?"

"ஆமா" என்றேன்.