பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே கோடு

இப்போதெல்லாம் பெருமழை வருவதற்கு முன்னால் செல்போன் கத்துகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் சந்தில் அந்த வேலையை இட்லிக்கார அக்கா செய்துகொண்டிருந்தார். அல்சூர் பக்கம், பெரிய மோரியை ஒட்டிய சந்து அது. மோரி என்றால் வீட்டுச் சாக்கடை இல்லை, ஊர் மழைத் தண்ணீரெல்லாம் ஓடும் கால்வாய். அக்காவின் வீடுதான் அதற்கு முதல் வீடு. தண்ணீர் அவர் வாசல் கல்லைத் தொட்டதும் இட்லிப் பானை மூடியைக் கரண்டியால் தட்டுவார். சத்தம் கேட்டதும் பன்னிரண்டு வீட்டிலும் சாமான்கள் மேலே ஏறும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரேஷன் கார்டு, அடுத்து அரிசி டின், பிறகு ஸ்டவ், பாய், கோழி, கடைசியில் பிள்ளைகள். எங்களை ஏன் கோழிக்குப் பிறகு ஏற்றுகிறீர்கள் என்று ஒருமுறை அம்மாவைக் கேட்டேன். கோழிக்கு நீந்தத் தெரியாது என்றார். எனக்கும் தெரியாது என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

என் அப்பா கட்டட மேஸ்திரி. ஊருக்கெல்லாம் வீடு கட்டியவர், ஒரு கோடையில் எங்கள் வீட்டின் பேஸ்மட்டத்தை மட்டும் தெருவிலிருந்து மூன்றடி உயர்த்திக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாளாகச் செய்த வேலை. செங்கல்லெல்லாம் வேலை முடிந்த இடங்களில் கேட்டு வாங்கிய உடைசல். தரையை உயர்த்தியதோடு சிமெண்டு தீர்ந்துவிட்டது, கூரைத் தகரம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதனால் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான் நிமிர்ந்து நடப்பேன். எங்களோடு தங்கியிருந்த மாமா, அம்மாவின் தம்பி, காலையில் எழுந்ததும் தகரத்தில் தலையை இடித்துக்கொண்டுதான் கண்ணையே திறப்பார்.

“இன்னா மேஸ்திரி, மேடை போட்டுட்டீங்க, மாப்பிள்ளை எப்போ வர்றாரு?” என்று போகிறவர் வருகிறவரெல்லாம் கேட்டார்கள். அப்பா வேலையை நிறுத்தமாட்டார். வாயில் பீடி இருக்கும், கையில் மட்டம் பார்க்கும் ரசமட்டம் இருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு மத்தியானம் மூடி தட்டப்பட்டது. அந்தத் தடவை தண்ணீர் வழக்கம்போல் கணுக்காலோடு நிற்கவில்லை. பதினோரு வீட்டிலும் தொடை அளவு ஏறியது. எங்கள் வாசலில் மட்டும் அரையடி கீழே வந்து நின்றுவிட்டது. ஒரு மணி நேரத்தில் சந்து முழுக்க எங்கள் வீட்டுக்குள் இருந்தது. ஆட்கள், கோழிகள், அக்காவின் மாவுக் குண்டான், யாரோ ஒருவருடைய தையல் மிஷின். தகரம் தாழ்வு என்பதால் எல்லாரும் குனிந்தே நின்றார்கள். பார்த்தால் முப்பது பேர் யாருக்கோ வணக்கம் சொல்வது போலிருந்தது. அப்பா மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, அடிக்கொருதரம் கையைக் கீழே விட்டு அளந்து, “இன்னும் அரையடி இருக்கு” என்று உள்ளே பார்த்து அறிவித்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலேதான்.

மறுநாள் காலை தண்ணீர் வடிந்தது. மாமா டீக்கடையிலிருந்து ஒரு சேதியோடு ஓடிவந்தார். தண்ணீர் புகுந்த வீடுகளை எழுதிக்கொண்டு போக மத்தியானம் ஆபீசர் வருகிறாராம். எழுதப்பட்ட வீட்டுக்கெல்லாம் ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் வீடு கட்ட ஒரு சைட்டு உண்டாம். தண்ணீர் புகாத வீட்டுக்கு ஒன்றும் கிடையாதாம்.

அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டார். எங்கள் தரை பளபளவென்று இருந்தது.

“ஊரே முங்கினா நாமளும் முங்கணும். அதுதான் மரியாதை” என்றார் அம்மா. “எல்லாரும் மேட்டுக்குப் போயிடுவாங்க. நாம மட்டும் இந்த மோரிக்குக் காவல் இருக்கணுமா?”

அப்பா பீடியைப் பற்ற வைத்தார். மாமா ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு மோரிக்குப் போனார். அவருக்குத் தொழில் பெயிண்ட் அடிப்பது. மோரிச் சேற்றைக் கரைத்து, பிரஷ்ஷால் எங்கள் வீட்டு உள்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்குக் கீழே முழுக்கப் பூசினார். தள்ளி நின்று பார்த்துவிட்டு, இன்னொரு கோட்டிங் அடித்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றார்.

“இது திருட்டுத்தனம்” என்றார் அப்பா.

“உங்க பேஸ்மட்டம்தான் மச்சான் நம்மளைத் திருடனாக்கிடுச்சு” என்றார் மாமா.

அப்போது இட்லிக்கார அக்கா எட்டிப் பார்த்தார். சுவரையும் எங்கள் படிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தவர், “உங்க வீட்டுல முழங்கால்னா எங்க வீட்டுல எவ்வளவு இருக்கணும்?” என்று கேட்டார். வேறு எதைக் கேட்டிருந்தாலும் அப்பா வாயைத் திறந்திருக்க மாட்டார். மட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

“நெஞ்சுக்கு மேல” என்றார் அப்பா.

அக்கா வீட்டுச் சுவரில் தண்ணீரே போட்டுவிட்டுப் போன கோடு தொடையளவில்தான் இருந்தது. அவர் அதற்கு மேலே தன் நெஞ்சு உயரத்தில் கையை வைத்துப் பார்த்தார். “சரி, ஏத்திட வேண்டியதுதான்” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டுக்குச் சொன்னார். நேற்று எங்கள் வீட்டில் குனிந்து நின்ற ஒருவர்கூட மறுக்கவில்லை. சந்தில் தண்ணீர் வடிந்து நாலு மணி நேரம் கழித்து, பதினோரு வீட்டிலும் வெள்ளம் இரண்டடி ஏற ஆரம்பித்தது.

மாமா பிரஷ்ஷோடு வீடு வீடாகப் போனார். அப்பா பின்னாலேயே போனார். தடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். மூன்றாவது வீட்டில் அவரால் பொறுக்க முடியவில்லை.

“டேய், இந்த மூலைல நெஞ்சு, அந்த மூலைல இடுப்பா? தண்ணி உன்னை மாதிரி கோணிக்கிட்டு நிக்குமாடா?”

வீட்டுக்கு வந்து மட்டம் பார்க்கும் டியூபை எடுத்துப்போனார். தண்ணீர் நிரப்பிய நீள டியூப், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். ஒரு முனையை எங்கள் சுவர்க் கோட்டில் வைத்து என்னைப் பிடிக்கச் சொன்னார். இன்னொரு முனையோடு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். “அசையாதே” என்று சத்தம் வரும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எட்டாத வீட்டுக்கு, முந்தின வீட்டுக் கோட்டிலிருந்து அளந்தோம். அப்படிப் பன்னிரண்டு வீட்டிலும் நூல் பிசகாமல் ஒரே கோடு வந்தது. பொய்யை நிறுத்தப் போன அப்பா, பொய்யை மட்டம் பார்த்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஆபீசர் குடையோடு வந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர், நல்ல மனிதர். முதல் வீட்டில் கோட்டைப் பார்த்து அதிர்ந்து போனார். இரண்டாவது வீட்டில் உச்சுக்கொட்டினார். மூன்றாவது வீட்டில், கோட்டுக்கு ஒரு முழம் கீழே தொங்கிய காலண்டரைப் புரட்டிப் பார்த்தார். தாள் சடசடவென்று காய்ந்திருந்தது.

“தண்ணி வந்ததும் கழட்டிட்டோம் சார். போனதும் மாட்டிட்டோம்” என்றார் இட்லிக்கார அக்கா. அது அவர் வீடுகூட இல்லை.

“ஏனம்மா, நெஞ்சுக்கு மேல நீரு. நீங்கல்லாம் எங்கே இருந்தீங்க?”

இந்தக் கேள்விக்கு யாரும் பதில் தயார் செய்திருக்கவில்லை. ஆபீசர் சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார். நான் யாரிடமும் வாய் திறக்காத பிள்ளை. வாத்தியார் பேர் கேட்டால்கூட அழுதுவிடுவேன். அன்றைக்கு என்னவோ தெளிவாகப் பேசிவிட்டேன்.

“எங்க வீட்டுல.”

“யாரெல்லாம் இருந்தாங்க?”

“எல்லாரும். கோழியும்.”

மாமா வானத்தைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். ஆபீசர் எங்கள் வீட்டுக்கு நடந்தார். சந்தே பின்னால் நடந்தது. அவர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார், உள்ளே போய்த் தகரத்தில் தலையை இடித்துக்கொண்டார், சேற்றுக் கோட்டை விரலால் தொட்டு முகர்ந்தார். வெளியே வந்து, பேஸ்மட்டத்தின் செங்கல் வரிகளை மேலிருந்து கீழாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாரு கட்டினது?”

“நான்தான் சார்” என்றார் அப்பா.

“நல்ல கெலசம்” என்று கன்னடத்தில் வேலையைப் பாராட்டினார் ஆபீசர். பிறகு நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார். “மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதை எழுதிக்கிறேன். இந்த வீட்டுக்குள்ள நீரு வந்துச்சா?”

பதினோரு வீட்டு ஜனமும் அப்பாவின் வாயையே பார்த்தது. இல்லை என்று சொன்னால் எங்கள் வீடு மட்டுமல்ல, எல்லார் வீட்டுக் கோடும் பொய்யாகிவிடும் என்பது எனக்கே தெரிந்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேஸ்மட்டத்தைப் பார்த்தார்.

“வந்துச்சு சார்.”

“இவ்வளவு உசரம் கட்டியுமா?”

“கட்டினது சரியில்ல சார். தண்ணிக்குத் தாங்கல.”

ஆபீசர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பன்னிரண்டு வீட்டையும் எழுதிக்கொண்டு போனார். அவர் சந்து முனை திரும்பியதும் ஒரே கூச்சல். மாமா என்னைத் தூக்கிச் சுற்றினார். இட்லிக்கார அக்கா, நேற்று எங்கள் வீட்டில் பிழைத்த மாவில் எல்லாருக்கும் இட்லி அவித்தார். அம்மா இரண்டு தடவை சட்னி கேட்டு வாங்கினார்.

அப்பா டியூபிலிருந்த தண்ணீரைக் கொட்டி, சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். நான் தட்டில் நாலு இட்லி கொண்டுபோனேன். வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

“பல்லு வலிக்குதுடா.”

எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பு எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார். இருட்டும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் பல்லு, எந்தப் பல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.