சாய்வில்லாத வீடு

வெளியூரில் வேலை செய்யும் மகன் பசறை ரோட்டில் எங்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் குடிபோய் ஒரு வாரம்கூட ஆகவில்லை, என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. காலைவிடத் தலை கீழே கிடப்பதுபோல் இருக்கிறதாம். தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். அங்கே தரையும் மலையோடு சேர்ந்து சரியும்; மேட்டுப்பக்கம் தலை வைத்துத்தான் படுப்பார்கள். பிறகு நாங்கள் இருந்த ஸ்கூல் குவார்ட்டர்ஸும் சரிவில்தான்.

நான் விஞ்ஞான வாத்தியார், சாய்தளத்தில் பந்து உருட்டிக் காட்டியே ஓய்வு பெற்றவன். சும்மா இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது கட்டிலில் ஒரு பலகையைப் போட்டு, விளிம்புவரை பிளேன்டீ நிரப்பிய கிளாஸை அதன்மேல் வைத்தேன். எந்தப் பக்கமும் வழியவில்லை.

"கட்டில் சரியாத்தான் இருக்கு. சாய்வு உன் தலைக்குள்ளதான்."

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கிளாஸை எடுத்து டீயைக் குடித்தாள். மறுநாள் காலையில் லுணுகலைப் பக்கம் தன் தம்பியின் லயத்துக்குப் போய்விட்டாள். திரும்பி வருவதாகச் சொல்லவில்லை.

சாய்வு என்றால் எனக்குக் கோணமானியில் அளப்பது மட்டும்தான். மனம் ஒருவர் பக்கம் சாய்வதெல்லாம் தமிழ் வாத்தியார் பாடு என்று விட்டிருந்தேன். அன்று நான் அவள் பக்கம் நின்றிருக்க வேண்டும். வெறும் வீட்டில் தனியாகச் சோறு வடிக்கும்போது அது நன்றாகவே புரிந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். மச்சினன் வாசலிலேயே நின்றான்.

"வாங்க மச்சான். டீ கிளாஸ் கொண்டாந்தீங்களா?"

லயம் முழுக்க விஷயம் தெரிந்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். மேட்டுப்பக்கம் உட்கார்ந்ததால் மெல்ல அவள்மேல் நழுவினேன்.

"தள்ளி உக்காருங்க."

"தரைதான் தள்ளுது."

அவள் சிரிக்கவில்லை. நான் செய்தது தப்பு என்றேன். தூக்கம் வரவில்லை என்றவளுக்குத் தூங்க வழி செய்யாமல் சோதனை செய்து காட்டியது பெரிய தப்பு என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னாங்க? சம்பந்தி முன்னாலதானே என்னைப் பைத்தியக்காரி ஆக்குனீங்க. அவருகிட்ட சொல்லுங்க. கட்டில் தலைமாட்டுக்குக் கல்லு வைங்க. வாறேன்."

அங்கிருந்தே சம்பந்திக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், போட்டேன். அடுத்த வீட்டுக்காரர்களும் வந்து கேட்டார்கள்.

இப்போது அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். நான் விடியும்போது கால்மாட்டுச் சட்டத்தில் முட்டிக்கொண்டு கிடக்கிறேன். கல் கொஞ்சம் உயரம் அதிகம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.